பழைய இணையதளத்தைச் சீர்செய்வதா, புதிதாகக் கட்டுவதா? சிறு தொழில் நடத்துவோருக்கான முழுமையான வழிகாட்டி

கோயம்புத்தூரில் வெட் கிரைண்டர் தயாரித்து விற்கும் ஒரு சிறு நிறுவனத்தை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். அதன் இணையதளம் 2013ஆம் ஆண்டில், தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸில் அமைக்கப்பட்டது. முகப்பில் தானாக நகரும் மூன்று படங்கள், 'எங்களைப் பற்றி' என்றொரு பக்கம், இருபத்தைந்து மாடல்களுக்குத் தனித்தனிப் பக்கங்கள், உதிரி பாகங்களின் பட்டியல், தொடர்புப் படிவம் ஆகியவை அதில் இருக்கின்றன. படிப்பை முடித்துவிட்டுத் தொழிலுக்கு வந்த மகன், 'இதைப் பார்த்துவிட்டு யாரும் நம்மிடம் பொருள் வாங்க மாட்டார்கள், புதிதாகவே செய்துவிடலாம்' என்கிறார். இரண்டு இடங்களில் கொட்டேஷன் கேட்டால், ஒருவர் முழுவதையும் அகற்றிவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும் என்றும், மற்றவர் தீம் (தளத்தின் தோற்றத்தைத் தரும் வார்ப்பு) மட்டும் மாற்றினால் போதும் என்றும் எழுதித் தருகிறார். இருவரில் யார் சொல்வது சரி என்பதைக் கொட்டேஷன்களை அருகருகே வைத்துப் பார்த்து முடிவுசெய்ய இயலாது. ஏனெனில் இருவருமே தமக்குச் செய்யத் தெரிந்த வேலையைத்தான் தீர்வாக எழுதியிருப்பார்கள்.

இந்த முடிவை உரிமையாளர் தாமே எடுக்க முடியும் என்பதும், அதற்குத் தேவையான சோதனைகளில் பெரும்பாலானவற்றுக்கு நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்பதும் என் கருத்து. தோற்றம் பழையதாகிவிட்டது என்ற ஒன்றை மட்டும் வைத்துப் புதிய தளம் கட்டியவர்களில் பலர், நன்றாக ஓடிக்கொண்டிருந்த பக்கங்களையும் சேர்த்து இழந்திருக்கிறார்கள். தோற்றம் பார்க்கும்படி இருக்கிறதே என்று அடித்தளத்தைக் கவனிக்காமல் விட்டவர்கள், ஒரு நாள் காலையில் தளம் திறக்காதபோதுதான் விழித்துக்கொண்டார்கள். கீழே உள்ள படிகளை வரிசையாகச் செய்து முடிக்க இரண்டு வாரங்கள் போதும். அதுவரை எந்தக் கொட்டேஷனுக்கும் முன்பணம் தர வேண்டாம்.

படி 1: சாவிகள் யாரிடம் இருக்கின்றன?

சீர்செய்வதானாலும் புதிதாகக் கட்டுவதானாலும், முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது தளம் உண்மையில் யாருடைய கையில் இருக்கிறது என்பதே. டொமைன் (தளத்தின் இணையப் பெயர்) பதிவுக் கணக்கு, ஹோஸ்டிங் (தளத்தின் கோப்புகள் இருக்கும் வாடகை இடம்) கணக்கு, வேர்ட்பிரஸின் நிர்வாகி நுழைவு, நிறுவனத்தின் மின்னஞ்சல் சேவை, தேடலில் தளத்தின் நிலையைக் காட்டும் கூகுள் சர்ச் கன்சோல், கூகுள் மேப்பில் தெரியும் பிசினஸ் ப்ரொஃபைல் ஆகிய ஆறுக்கும் யாருடைய மின்னஞ்சல் முகவரி கொடுக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். ரினியூவல் கடிதம் உங்கள் முகவரிக்கு வராமல், பல ஆண்டுகளுக்கு முன்பு தளம் செய்துகொடுத்தவருடைய முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தால், அந்த டொமைன் பெயர் உங்கள் பலகையில் இருந்தாலும் உங்கள் வசம் இல்லை. அவர் நல்லவராகவே இருக்கலாம். தொழிலை மாற்றிக்கொண்டு வேறு ஊருக்குப் போனவராகவும் இருக்கலாம். எப்படியாயினும் டொமைனை நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்குக்கு மாற்றி வாங்கும்வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம். புதிய தளம் கட்டப்போவதாக அவருக்குத் தெரிந்த பிறகு கேட்பதைவிட இப்போதே கேட்பது எளிது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

மின்னஞ்சலைத் தனியாகக் கவனிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நிறுவனத்தின் மின்னஞ்சல் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதைச் சொல்லும் எம்.எக்ஸ். பதிவுகள், டொமைனின் நேம் சர்வர் (அந்தப் பெயருக்கான பதிவுகளை வைத்திருக்கும் கணினி) எங்கே இருக்கிறதோ அங்கேதான் இருக்கும். புதிய தளத்தை வேறு ஹோஸ்டிங்கில் ஏற்றுபவர் நேம் சர்வரை மாற்றிவிட்டு, அந்தப் பதிவுகளை அங்கே எழுத மறந்துவிட்டால், தளம் அழகாகத் திறக்கும், மின்னஞ்சல் நின்றுபோகும். டீலர்களின் ஆர்டர் வரவில்லையே என்று யாராவது தொலைபேசியில் கேட்கும்வரை அது வெளியே தெரியாது. இப்போது உள்ள எல்லாப் பதிவுகளையும் ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்து வைத்துக்கொள்வது ஐந்து நிமிட வேலை.

இதே படியில் முழு பேக்கப் ஒன்றையும் எடுத்துவிடுங்கள். கோப்புகள் வேறு, தரவுத்தளம் வேறு; இரண்டும் இருந்தால்தான் அது பேக்கப். அதை அதே ஹோஸ்டிங்கில் மட்டும் வைக்காமல் உங்கள் கணினியிலும் ஒரு பிரதி வைக்க வேண்டும்.

படி 2: இப்போதைய தளம் என்ன சம்பாதிக்கிறது?

பழைய தளத்தால் ஒரு பயனும் இல்லை என்று சொல்பவர்களில் அதைக் கணக்குப் பார்த்துச் சொன்னவர்கள் மிகச் சிலரே. சர்ச் கன்சோல் கூகுள் இலவசமாகத் தரும் கருவி. கூகுளில் எந்தச் சொற்களைத் தேடியவர்களுக்கு உங்கள் தளம் காட்டப்பட்டது, எத்தனை பேர் அதைத் தொட்டு உள்ளே வந்தார்கள், எந்தப் பக்கத்துக்கு வந்தார்கள் என்பதை அது கடந்த 16 மாதங்களுக்குக் காட்டும். 16 மாதம் என்பதால் ஒரு தீபாவளியும் ஒரு பொங்கலும் தவறாமல் அதற்குள் அடங்கிவிடும். விற்பனை பருவத்தைச் சார்ந்த தொழிலில் கடைசி ஒரு மாதக் கணக்கை மட்டும் பார்த்து முடிவெடுப்பது தவறாகப் போகும்.

பக்கங்களின் பட்டியலை வருகையின் வரிசையில் அடுக்கிப் பாருங்கள். நம் கிரைண்டர் நிறுவனத்தைப் போன்றவற்றில் உரிமையாளர் எதிர்பார்க்காத ஒன்று முதல் வரிசையில் நிற்பதுண்டு. முகப்புப் பக்கத்துக்குக் கடையின் பெயரை ஏற்கெனவே தெரிந்தவர்கள்தான் வருவார்கள். பெயர் தெரியாத புதியவர் தேடுவது பெல்ட் அறுந்துபோன டில்டிங் கிரைண்டருக்கு எந்த அளவு பெல்ட் பொருந்தும், கல் தேய்ந்துவிட்டால் கொத்தித் தருவார்களா, தம் ஊரில் சர்வீஸ் உண்டா என்பவற்றைத்தான். அழகே இல்லாத அந்த உதிரி பாகப் பட்டியல்தான் புதிய வாடிக்கையாளர்களைக் கொண்டுவந்துகொண்டிருக்கலாம். புதிய தளத்தின் வரைபடத்தில் 'பழைய பக்கங்கள்' என்று முதலில் வெட்டப்படுவதும் அதுவாகவே இருக்கும்.

வருகையை எண்ணும் கூகுள் அனலிட்டிக்ஸ் இருக்கிறதே என்று நினைப்பவர்கள் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். பழைய யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் 2023 ஜூலை 1 முதல் புதிய தரவுகளைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டது. அதன்பின் அனலிட்டிக்ஸின் நான்காம் பதிப்புக்கு மாற்றப்படாத தளத்தில் அந்த நிரல் துண்டு இன்றும் இருக்கும், எதையும் எண்ணாது. சர்ச் கன்சோலில் தளத்தைச் சேர்த்ததே இல்லை என்றாலும் இன்றே சேர்த்துவிடுங்கள். முடிவெடுப்பதற்கு முன் சில வாரக் கணக்காவது கையில் இருக்கும்.

கருவிகள் காட்டாத கணக்கு ஒன்று உண்டு. அது கடையில் தொலைபேசி எடுப்பவருடைய காதில் இருக்கிறது. இரண்டு வாரங்களுக்கு, அழைக்கும் ஒவ்வொருவரிடமும் 'எண் எங்கே கிடைத்தது?' என்று கேட்டு நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் விசாரணைகளையும் அதில் சேர்க்க வேண்டும். தளத்தைப் பார்த்துவிட்டு அழைத்தவர்கள், அதில் ஏற்கெனவே எழுதியிருக்கும் ஒன்றையே மறுபடி கேட்டால், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கத்தில் எழுத்து விளங்கவில்லை என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது.

படி 3: அடித்தளம் உயிரோடு இருக்கிறதா?

முடிவை ஒரு பக்கமாகச் சாய்க்கும் படி இதுதான். எனவே இதில் அவசரப்பட வேண்டாம்.

வேர்ட்பிரஸ் போன்றவை பி.எச்.பி. என்ற மொழியின்மேல் ஓடுகின்றன. அந்த மொழியின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஆயுள் உண்டு. 5.6க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 டிசம்பர் 31உடனும், 7.4க்கு 2022 நவம்பருடனும், 8.1க்கு 2025 டிசம்பர் 31உடனும் முடிந்துவிட்டன. 2024 ஜூலையில் வெளிவந்த 6.6 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸுக்கே குறைந்தது 7.2.24 வேண்டும். ஆகவே 2013இல் கட்டப்பட்டு, அன்றிருந்த பி.எச்.பி.யிலேயே விடப்பட்ட தளத்தில் வேர்ட்பிரஸைப் புதுப்பிக்க முடியாது, பி.எச்.பி.யை உயர்த்தினாலோ பழைய தீம் வெறும் வெள்ளைத் திரையைக் காட்டக்கூடும். ஹோஸ்டிங் நிறுவனம் பழைய பதிப்பை நிறுத்தும் நாளில் தளமும் நின்றுவிடும்.

செய்ய வேண்டிய சோதனை எளியது. தளத்தின் பிரதி ஒன்றை ஹோஸ்டிங்கில் தனி இடத்தில் ஏற்றச் சொல்லுங்கள். அந்தப் பிரதியில் மட்டும் பி.எச்.பி.யை இன்று ஆதரவிலுள்ள பதிப்புக்கு உயர்த்தி, வேர்ட்பிரஸ், தீம், பிளகின் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்) அனைத்தையும் புதுப்பித்து, பக்கம் பக்கமாகத் திறந்து பார்க்க வேண்டும். தெரிந்தவருக்கு இது அரை நாள் வேலை. இதற்கு மட்டும் தனியாகக் கூலி கொடுத்துச் செய்வது நல்லது. நான்கைந்து பிழைகள் தோன்றி அவை திருத்தக்கூடியவையாக இருந்தால், தளத்துக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது. தீமே திறக்கவில்லை, அதை விற்றவரும் இப்போது இல்லை என்றால், சீர்செய்வதற்கான செலவு அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கும்.

அதே பிரதியில் இன்னொரு சோதனையையும் செய்யுங்கள். பக்கங்களை அடுக்கப் பயன்பட்ட பில்டர் பிளகினை நிறுத்திவிட்டு, எழுத்தெல்லாம் எப்படி மிஞ்சுகிறது என்று பாருங்கள். விஷுவல் கம்போசர் என்று முன்பு அழைக்கப்பட்ட பில்டரை நிறுத்தினால், பத்திகளுக்கு நடுவே சதுர அடைப்புக்குறிக் குறியீடுகள் கொத்துக் கொத்தாகத் தோன்றும். அப்படியானால் தீம் மட்டும் மாற்றினால் போதும் என்று எழுதித் தந்தவருக்கு அந்த வேலையின் அளவு தெரியவில்லை என்று பொருள். ஒவ்வொரு பக்கத்தையும் கையால் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். காசு கொடுத்து வாங்கிய தீமுக்குள்ளேயே அடங்கிவந்த பிளகின்களும் கவனிக்க வேண்டியவை. 2014இல் ஸ்லைடர் ரெவல்யூஷன் என்ற, முகப்புப் படங்களை நகர்த்தும் பிளகினில் பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டபோது, அது தம் தளத்தில் இருப்பதே தெரியாத ஏராளமானோர் சிக்கினார்கள். தீமோடு சேர்ந்து வந்ததால் அதற்கான புதுப்பிப்பு அறிவிப்பு அவர்கள் திரையில் தோன்றவே இல்லை. தானாக நகரும் அந்த மூன்று படங்களை வாடிக்கையாளர் யாரும் நின்று பார்ப்பதில்லை என்பது வேறு கதை.

வேர்ட்பிரஸ் அல்லாத தளங்களில் விடை பெரும்பாலும் விரைவாகவே தெரிந்துவிடும். மஜெண்டோ 1க்கான ஆதரவு 2020 ஜூனிலும், ஜூம்லா 3க்கானது 2023 ஆகஸ்டிலும், ட்ரூபல் 7க்கானது 2025 ஜனவரியிலும் முடிந்தன. மஜெண்டோ 1இலிருந்து 2க்கும், ட்ரூபல் 7இலிருந்து அடுத்தவற்றுக்கும் செல்வது பெயரளவில் புதுப்பித்தல், உழைப்பில் புதிதாகக் கட்டுதல். பழைய அசைபட நுட்பமான ஃபிளாஷில் செய்த பகுதிகள் 2021 ஜனவரியிலிருந்து எந்த உலாவியிலும் ஓடுவதில்லை.

தளம் ஒருமுறை ஹேக் ஆகியிருக்கிறது என்பது மட்டும் அதை இடித்துவிடக் காரணமல்ல. கூகுள் தேடல் பெட்டியில் சைட் என்ற ஆங்கிலச் சொல்லையும் முக்காற்புள்ளியையும் இட்டு, இடைவெளி விடாமல் உங்கள் டொமைனை எழுதித் தேடுங்கள். நீங்கள் எழுதாத ஜப்பானிய மொழிப் பக்கங்களோ மருந்து விற்பனைப் பக்கங்களோ நூற்றுக்கணக்கில் தெரிந்தால், உள்ளே யாரோ குடியிருக்கிறார்கள். நல்ல பேக்கப் இருந்தால் சுத்தம் செய்துவிடலாம். சுத்தம் செய்த பிறகும் திரும்பத் திரும்ப வந்தால், எழுத்தையும் படங்களையும் மட்டும் எடுத்துக்கொண்டு வேறு இடத்தில் புதிதாகத் தொடங்குவதே மேல்.

படி 4: தமிழ் எழுத்து எந்த நிலையில் இருக்கிறது?

ஆங்கில வழிகாட்டிகளில் இந்தப் படி இருக்காது. நம் தளங்களில் இதுவே பல நேரங்களில் முடிவைத் தீர்மானிக்கிறது. எல்லாக் கருவிகளிலும் தமிழ் ஒரே மாதிரி தெரிய உதவும் பொதுக் குறியாக்கமான யூனிகோடு பரவுவதற்கு முன்பு டிஸ்கி, டாப், டாம், பாமினி எனப் பல குறியாக்கங்களில் தமிழ்த் தளங்கள் எழுதப்பட்டன. தமிழ்நாடு அரசே 1999இல் டாம், டாப் இரண்டையும் தரமாக அறிவித்திருந்தது. தளத்திலுள்ள ஒரு பத்தியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் யாருக்காவது அனுப்பிப் பாருங்கள். தமிழாகவே போய்ச் சேர்ந்தால் அது யூனிகோடு. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த கூட்டமாகப் போனால், கூகுளுக்கும் அது அப்படியே தெரிகிறது என்பதை உணர வேண்டும்; அந்தப் பக்கத்தைத் தமிழில் தேடி யாரும் வந்து சேர முடியாது.

மாற்றித் தரும் கருவிகள் கிடைக்கின்றன. ஆனால் பழைய குறியாக்கங்களில் சில, ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் எழுத்துகளை வைத்திருந்தன. ஆகவே பத்தியின் நடுவே இருக்கும் மாடல் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் மாற்றத்தின்போது பொருளற்ற தமிழாகிவிடும். யாராவது உட்கார்ந்து மெய்ப்புப் பார்த்தே ஆக வேண்டும். டி.டி.பி. செய்பவர் எழுத்தைப் படமாக ஆக்கிக் கொடுத்த பக்கங்களை மறுபடி தட்டச்சு செய்வதைத் தவிர வழியில்லை. இவ்வளவு வேலை இருக்கும் தளத்தில், பழைய கூட்டை வைத்துக்கொள்வதால் மிச்சமாவது எதுவும் இல்லை.

முகவரிகளிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. வேர்ட்பிரஸ் ஒரு பக்கத்தின் முகவரிப் பெயரை 200 எழுத்துக்குள் நிறுத்திவிடும். தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் அங்கே ஒன்பது எழுத்துகளாகப் பதியப்படுவதால், புள்ளியையும் கொம்பையும் தனித்தனியே எண்ணினால் 22 குறிகளுக்கு மேல் கொள்ளாது. தலைப்பு நீளமாக இருந்தால் முகவரி நடுவிலேயே அறுந்திருக்கும். பின்னால் முகவரிப் பட்டியல் தயாரிக்கும்போது தலைப்பைப் பார்த்து எழுதாமல், சர்ச் கன்சோலில் உள்ளதை உள்ளபடியே எடுக்க வேண்டியதற்கு இதுவே காரணம்.

படி 5: கைப்பேசியிலும் வேகத்திலும் நிற்கிறதா?

கூகுள் 2024 ஜூலையிலிருந்து தளங்களைக் கைப்பேசியின் கண்ணால்தான் படிக்கிறது. கணினியில் மட்டும் ஒழுங்காகத் தெரிந்து, கைப்பேசியில் இரு விரலால் விரித்துப் படிக்க வேண்டிய தளம், அகலம் நிலையாக வைத்துக் கட்டப்பட்ட அமைப்பாக இருக்கும். அதை ஒட்டுப்போட்டுச் சரிசெய்வதைவிட தீமையே மாற்றுவதுதான் முறை (இந்தச் சொல்லைத் தமிழில் எழுதும்போது வேறு பொருள் வருவது குறித்து ஒன்றும் செய்வதற்கில்லை).

வேகத்தை அளக்க கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற கருவி இருக்கிறது. முக்கிய உள்ளடக்கம் 2.5 வினாடிக்குள் தோன்றுவது, தொட்டதும் 200 மில்லி வினாடிக்குள் பதில் கிடைப்பது, ஏறும்போது பக்கம் குதிக்கும் அளவு 0.1ஐத் தாண்டாமலிருப்பது ஆகிய மூன்றும் கூகுள் வைத்திருக்கும் அளவுகோல்கள். மொத்த மதிப்பெண் சிவப்பாக இருப்பதைக் காட்டிப் புதிய தளத்தை விற்க முயல்பவர்கள் உண்டு. பெரும்பாலான சிறு தளங்களில் அந்தச் சிவப்புக்குக் காரணம், கைப்பேசி கேமராவில் எடுத்த நான்கைந்து எம்.பி. படங்களை அப்படியே ஏற்றியதுதான். அவற்றைச் சுருக்கி வெப்பி வடிவத்தில் மாற்றி ஏற்றினால் கதை மாறிவிடும். உலாவியில் 'பாதுகாப்பற்றது' என்று தெரிவதும் அப்படித்தான்: 2018 ஜூலையிலிருந்து எச்.டி.டி.பி.எஸ். (தரவை மறையாக்கி அனுப்பும் முறை) இல்லாத எல்லாத் தளங்களுக்கும் குரோம் அதைக் காட்டுகிறது, அதற்கான சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தருகிறது. அதற்காக யாரும் தளத்தை மாற்ற வேண்டியதில்லை.

படி 6: தளம் இனி என்ன செய்ய வேண்டும்?

அடுத்த மூன்று ஆண்டுகளில் இந்தத் தளத்திலேயே பணம் வாங்கிப் பொருள் அனுப்பப் போகிறீர்களா, அல்லது விசாரணை மட்டும் வந்தால் போதுமா? விசாரணை மட்டும் என்றால், வாட்ஸ்அப் பொத்தானும் தெளிவான விலைப்பட்டியலும் போதும். அது சீர்செய்தலில் அடங்கும். நேரடி விற்பனை என்றால் பொறுப்புகள் கூடுகின்றன. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி நிறுவனத்தின் சட்டப்பூர்வப் பெயர், முகவரி, தொடர்பு விவரம், குறைதீர் அலுவலரின் பெயர் ஆகியவை தளத்தில் இருக்க வேண்டும். அந்த அலுவலர் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். வாடிக்கையாளரின் கார்டு எண்ணை வணிகர் சேமித்து வைப்பதை ரிசர்வ் வங்கி 2022 அக்டோபர் முதல் அனுமதிப்பதில்லை. பழைய ஷாப்பிங் கார்ட் பிளகின் அதைச் சேமித்துக்கொண்டிருந்தால், அந்தப் பகுதியை மட்டுமாவது உடனே அகற்றியாக வேண்டும்.

படி 7: முடிவெடுத்தல்

அடித்தளச் சோதனையில் தளம் எழுந்து நின்றது, தேடலில் வரும் பக்கங்கள் இருக்கின்றன, தமிழ் யூனிகோடில் இருக்கிறது, புதிதாகச் செய்ய வேண்டிய வேலை விசாரணையோடு முடிகிறது என்றால் சீர்செய்யுங்கள். தோற்றம் பத்தாண்டு பழையதாக இருந்தாலும் இதுவே என் பதில். உள்ளடக்கத்தைத் திருத்தி, படங்களைச் சுருக்கி, தொலைபேசி எண்ணை மேலே கொண்டுவந்து, ஆறு மாதம் பார்த்துவிட்டுப் பிறகு தீம் பற்றி யோசிக்கலாம். அந்த உழைப்பு வீணாகாது. பின்னால் புதிய தளம் கட்டினாலும் திருத்திய எழுத்து அப்படியே அங்கே போகும்.

ஆதரவு முடிந்த மென்பொருள், திறக்காத தீம், பழைய குறியாக்கம், விடாத ஹேக், நேரடி விற்பனைக்கு மாறும் முடிவு ஆகியவற்றில் இரண்டு சேர்ந்துவிட்டால் புதிதாகக் கட்டுங்கள். ஒன்று மட்டும் இருந்தால் இடைவழியைப் பாருங்கள். முகவரிகளையும் எழுத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு, பிரதியில் புதிய தீமை ஏற்றி, பகுதி பகுதியாக மாற்றிக்கொண்டு போகலாம். நேரடி விற்பனைக்கு மட்டும் தனிப் பகுதி ஒன்றைச் சேர்க்கலாம்.

ஓடிக்கொண்டிருப்பதை ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்குவதில் நேரம் எப்படிக் கரையும் என்பதற்குப் பெரிய நிறுவனங்களும் சான்று. நெட்ஸ்கேப் தன் உலாவியின் 4ஆம் பதிப்பை 1997இல் வெளியிட்டுவிட்டு, பின்னர் நிரலை ஏறக்குறைய புதிதாக எழுத முற்பட்டது. 5ஆம் பதிப்பு வரவே இல்லை, 6ஆம் பதிப்பு 2000ஆம் ஆண்டின் இறுதியில்தான் வந்தது. அதற்குள் பயனர்கள் இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்குப் போய்விட்டிருந்தார்கள். இரண்டு மாதத்தில் முடிவதாகச் சொன்ன கடைத் தளம் தீபாவளியைத் தாண்டிப் போவது அதன் சிறிய வடிவம்தான். தாமதத்துக்குக் காரணம் செய்பவர் மட்டுமல்ல என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: இருபத்தைந்து மாடல்களுக்கும் புதிய படமும் விவரமும் தருவதாக ஒப்புக்கொண்ட உரிமையாளர்தான் பல நேரங்களில் தராமல் இருப்பார்.

படி 8: கொட்டேஷனைப் படித்தல்

முதல் ஆண்டுத் தொகையை மட்டும் ஒப்பிட வேண்டாம். டொமைன், ஹோஸ்டிங், தீம் மற்றும் பிளகின்களின் ஆண்டுச் சந்தா, பராமரிப்பு, 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. எல்லாவற்றையும் மூன்று ஆண்டுகளுக்குக் கூட்டி, அந்தத் தொகைகளை ஒப்பிடுங்கள். அதில் எழுதப்படாத நான்கை எழுத்தில் கேளுங்கள்: எல்லாக் கணக்குகளும் யார் பெயரில் இருக்கும், பழைய முகவரிகளைப் புதியவற்றுக்குத் திருப்பும் வேலை சேர்க்கப்பட்டிருக்கிறதா, எழுத்தைப் புதிய தளத்துக்கு மாற்றுவது யார் பொறுப்பு, பிரிந்துபோனால் எதை எந்த வடிவில் கொடுப்பார்கள்.

மாதச் சந்தாவில் கிடைக்கும் விக்ஸ், ஷாப்பிஃபை போன்ற தளங்கள் நேரடி விற்பனைக்கும், தொழில்நுட்பத்தைக் கவனிக்க ஆள் இல்லாதவர்களுக்கும் நல்ல தேர்வே. பாதுகாப்புத் திருத்தங்களை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஆனால் விக்ஸில் கட்டிய தளத்தை வேறு ஹோஸ்டிங்குக்கு அப்படியே எடுத்துப் போக முடியாது; ஷாப்பிஃபையிலிருந்து பொருள் பட்டியலைக் கோப்பாக எடுக்கலாம், வடிவமைப்பை எடுத்து வேறிடத்தில் ஓட்ட முடியாது. கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலோடு இலவசமாகக் கிடைத்த சிறு தளங்களை நம்பியிருந்த கடைகளுக்கு இது அனுபவமாகவே தெரியும். 2024 மார்ச்சில் கூகுள் அவற்றை மூடியது. அந்த முகவரிகள் ஜூன் 10 வரை ப்ரொஃபைலுக்குத் திருப்பப்பட்டு, அதன்பின் நின்றுபோயின. விசிட்டிங் கார்டில் அந்த முகவரியை அச்சிட்டவர்கள் கார்டையும் மாற்ற வேண்டியதாயிற்று. சொந்த டொமைன் இருந்தால் பின்னணியில் எதை மாற்றினாலும் வாடிக்கையாளர் வரும் வழி மாறாது.

படி 9: மாற்றும் நாள்

புதிதாகக் கட்ட முடிவெடுத்தவர்கள் வேலை தொடங்கும்போதே ஒரு விரிதாளைத் திறந்து, இடப்புறம் பழைய முகவரிகள் அனைத்தையும், வலப்புறம் ஒவ்வொன்றுக்கும் ஈடான புதிய முகவரியையும் எழுதிவர வேண்டும். 301 என்ற நிரந்தரத் திருப்பத்தின் மூலம் ஒவ்வொன்றும் தன் ஈட்டுக்குப் போக வேண்டும். சோம்பலில் எல்லாவற்றையும் முகப்புக்கே திருப்பிவிட்டால், பக்கம் இல்லாமல் போனதாகவே கூகுள் அதைக் கருதும். உதிரி பாகப் பட்டியல் சேர்த்துவைத்திருந்த மதிப்பு முழுவதும் கரைந்துவிடும். திருப்பங்களைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கக் கூகுள் சொல்கிறது. என் யோசனை, அவற்றை எடுக்கவே வேண்டாம் என்பது.

பருவ விற்பனைக்கு ஒன்றரை மாதமோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது மாற்றாதீர்கள். வெள்ளிக்கிழமை மாலையிலும் மாற்றாதீர்கள். மாற்றியவுடன் முதலில் பார்க்க வேண்டியது வேர்ட்பிரஸின் 'ரீடிங்' அமைப்பில் தேடுபொறிகளைத் தவிர்க்கச் சொல்லும் பெட்டி. கட்டிக்கொண்டிருந்தபோது இட்ட டிக் அப்படியே விடப்பட்டு, ஒரு மாதம் கழித்துக் கூகுளிலிருந்தே தளம் மறைந்துபோனதைக் கண்டவர்கள் நிறையப் பேர். அடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கு வெளியிலிருந்து ஒரு கடிதம் அனுப்பிப் பார்க்க வேண்டும். தொடர்புப் படிவத்தை நிரப்பி அனுப்பி, அது யாருக்கு வருகிறது என்று பார்க்க வேண்டும். கைப்பேசியில் தொலைபேசி எண்ணைத் தொட்டால் அழைப்பு போகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

முதல் மாதம் வாரம் ஒருமுறை சர்ச் கன்சோலில் 404 (பக்கம் இல்லை) எனக் காட்டப்படும் பக்கங்களின் பட்டியலைத் திறந்து, விடுபட்ட முகவரிகளுக்குத் திருப்பம் எழுதிவாருங்கள். இரண்டாம் படியில் தொடங்கிய தொலைபேசி நோட்டையும் அந்த மாதம் முழுவதும் தொடரச் சொல்லுங்கள். பெல்ட் கேட்டு வரும் அழைப்புகள் சட்டென்று குறைந்துவிட்டால், திருப்பப் பட்டியலில் எந்த வரி விடுபட்டது என்பதைக் கருவிகளுக்கு முன்பே அந்த நோட்டு சொல்லிவிடும்.